கிழக்குப் பக்கத்துப் புல்

புதியம்புத்தூரில் நைட்டி தைத்துக்கொண்டிருந்தவள் நான். காலையில் கம்பெனி வேன் ஊருக்குள் வந்து எங்களை ஏற்றிக்கொண்டு போகும். பொழுது சாயும்போது கொண்டுவந்து இறக்கிவிடும். கழுத்து பிடித்து ஒரு பக்கம் திரும்பவே முடியாமல் போனபோது, கோவில்பட்டியில் டாக்டர் எக்ஸ்ரேயை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்துவிட்டு, "இனிமே குனிஞ்சு உக்காந்து செய்யுத வேலை வேண்டாம்மா" என்று சொல்லிவிட்டார். நிமிர்ந்து நடந்து செய்கிற வேலை எங்கள் ஊரில் என்ன இருக்கிறது என்று வீட்டில் யோசித்தோம். என் வீட்டுக்காரர் லோடு ஆட்டோ ஓட்டுகிறார். எட்டயபுரம் சந்தைக்கு ஆடு ஏற்றிப்போகிற சவாரி அவருக்கு அடிக்கடி வரும். "பேசாம நாலு ஆடு வாங்கிருவோமா?" என்று அவர்தான் கேட்டார்.

அப்படி எங்கள் வீட்டுக்கு வந்தவை வேம்பூர்ச் செம்மறிகள். வெள்ளை உடம்பில் செம்பழுப்புப் பொட்டுப் பொட்டாக இருக்கும். காது தொங்கும். எனக்கு ஆட்டைப் பற்றி ஒன்றும் தெரியாது. என் அம்மாவும் அப்பாவும் தீப்பெட்டி ஆபீசில் வேலை பார்த்தவர்கள். முதல் நாள் ஒரு கையில் குடையும் மறு கையில் கம்புமாக நான் ஆட்டுக்குப் பின்னால் போனதைப் பார்த்துத் தெருவே சிரித்தது. ஆடு பச்சையைக் கண்டால் தின்னும், தின்றது மறுபடி முளைக்கும், இதில் பார்க்க என்ன இருக்கிறது என்றுதான் நினைத்திருந்தேன்.

எங்கள் ஊருக்குத் தெற்கே ஓர் ஓடை இருக்கிறது. மழை பெய்தால் மட்டும் தண்ணீர் ஓடும். அதன் இரு பக்கமும் ஊர்ப் பொது நிலம். நான் கல்யாணமாகி வந்தபோது அது முழுக்கச் சீமைக்கருவேலங்காடு. உள்ளே போனால் சேலை கிழியாமல் திரும்ப முடியாது. பிறகு கரி மூட்டம் போடுகிறவர்கள் ஏலம் எடுத்து, ஜேசிபியை விட்டு வேரோடு பிடுங்கிக்கொண்டு போனார்கள். வெட்டவெளியாகக் கிடந்த கரிசல் அடுத்த மழைக்குப் பச்சை பிடித்தது. ஆனால் அதே சமயத்தில் ஊரைச் சுற்றியிருந்த தரிசுகளையெல்லாம் சோலாருக்காக வாங்கி வேலி போட்டுவிட்டார்கள். அதுவரை அந்தத் தரிசுகளில் மேய்ந்துகொண்டிருந்த ஆடுகள் எல்லாம் ஓடைப் பக்கம் வந்து சேர்ந்தன. நான் ஆடு வாங்கிய முதல் வருடம் பொங்கலுக்குள் அங்கே புல் தீர்ந்துவிட்டது. மாசியில் காற்றடித்தால் கண்ணெல்லாம் மண். ஆடுகள் காலால் தரையைக் கீறி, காய்ந்த வேரைத் தேடித் தின்றன.

ஓடைக்கு மேற்கே ஒரு காற்றாலை நிற்கிறது. அதன் அடியில் டிரான்ஸ்பார்மரைச் சுற்றிக் கம்பிவலை அடித்திருக்கிறார்கள். அந்த மாசி மாதத்தில் ஒரு நாள் காற்றாலைத் தூணின் நிழலில் உட்கார்ந்திருந்தேன். கம்பிவலைக்கு உள்ளே கொழுக்கட்டைப்புல் முழங்கால் உயரத்துக்குக் கதிர் விட்டு, விதை முற்றி, காற்றில் ஆடிக்கொண்டிருந்தது. வெளியே மொட்டைத் தரை. ரெண்டுக்கும் நடுவில் ஒரு கம்பிதான். அதே மண், அதே மழை. உள்ளே எங்கள் ஆடு வாய் வைக்கவில்லை, அவ்வளவுதான் வித்தியாசம். அன்று முழுக்க அதையே பார்த்துக்கொண்டிருந்தேன். வீட்டுக்கு வந்து என் வீட்டுக்காரரிடம் சொன்னால், அவர் சோற்றைப் பிசைந்துகொண்டே, "உள்ள போயி அறுத்துட்டு வரலாம்னு பாக்கியா? கரண்டு அடிச்சு நீ அங்கனயே கெடப்ப" என்றார்.

அடுத்த தடுப்பூசி முகாமுக்கு வந்த கால்நடை டாக்டரம்மாவிடம் கேட்டேன். ஊசியைப் போட்டுக்கொண்டே அவர் சொன்னார்: "மழை பெஞ்சதும் வர்ற குருத்துல ஆடு வாய் வச்சா, வேர் பிடிக்கிறதுக்குள்ள புல்லு செத்துரும்மா. பாதி நிலத்தையாவது விதை விழுற வரைக்கும் விட்டுப் பாருங்க. அதுக்கப்புறம் மேயட்டும். மேயாமலே விட்டாலும் புல்லு தடிச்சுப்போயி எதுக்கும் ஆகாது."

ஓடைக்கரையில் ஒரு வாகை மரம் உண்டு. மத்தியானம் ஆடு மேய்ப்பவர்கள் எல்லாரும் தூக்குச்சட்டியைத் திறப்பது அங்கேதான். அங்கே வைத்துப் பேச்சை எடுத்தேன். ஓடையின் கிழக்குப் பக்கத்தை மழை தொடங்கியதிலிருந்து விதை விழுகிற வரைக்கும் யாரும் மேய்க்க வேண்டாம். மேற்குப் பக்கத்தில் மட்டும் மேய்ப்போம். அடுத்த வருடம் பக்கத்தை மாற்றுவதைப் பிறகு பேசிக்கொள்வோம் என்றேன். எல்லாரும் ஓர் அண்ணாச்சியைத் திரும்பிப் பார்த்தார்கள். ஊரிலேயே பெரிய மந்தை அவருடையதுதான். வீட்டில் தெலுங்கு பேசுகிறவர்கள். ஆட்டைக்கூட "ரா ரா" என்றுதான் கூப்பிடுவார்.

"உங்களுக்கென்ன தங்கச்சி, மடியில தூக்கி வச்சு மேய்க்கலாம் போல நாலு உருப்படி வச்சிருக்கிய. பாதிய அடைச்சா என் ஆடு எங்கன போவும்?" என்றார்.

அவர் சொன்னதில் தப்பில்லை. அடைத்தால் முதலில் அடிபடுவது அவர்தான். ஆனால் எங்களோடு மேய்க்கிற அக்கா ஒருத்தி, வாய் கொஞ்சம் நீளம், "அதுக்காவ ஊரு நெலம் பூராவும் ஓங்க மந்தைக்கே எழுதி வச்சிருக்கோ?" என்று கேட்டுவிட்டாள். அவர் முகம் சுருங்கிவிட்டது. பேச்சு அதோடு முறிந்துவிடும் என்று நினைத்தேன். அப்போது அவருடைய மனைவி, நான் மதினி என்று கூப்பிடுகிறவள், தண்ணீர் பாட்டிலை மூடிக்கொண்டே சொன்னாள்: "போன மாசியில நம்ம ஆடு என்னத்தத் தின்னுச்சுன்னு நெனச்சுப் பாருங்க. பஸ் ஸ்டாப்புல ஒட்டுன கல்யாண போஸ்டரத் தின்னுச்சு. பொண்ணு மாப்பிள்ள ரெண்டு பேரயும் சேத்துத் தின்னுட்டு."

அவர் உட்பட எல்லாரும் சிரித்துவிட்டோம். "ஒரு வருசம் பாப்போம். ஒரே ஒரு வருசம்" என்றார்.

வேலி போட எங்களுக்கு வழியில்லை. தைக்கிற கம்பெனியில் என்னோடு வேலை பார்த்தவர்களிடம் சொல்லி வெட்டுத்துணி மூட்டை ஒன்று வாங்கிவந்தேன். நைட்டி வெட்டியதில் மிஞ்சிய பூப்போட்ட துண்டுகள். கருவேலங்குச்சிகளை எல்லையில் ஊன்றி அவற்றில் துணியைக் கட்டினோம். தூரத்திலிருந்து பார்த்தால் ஏதோ கோயில் கொடைக்குத் தோரணம் கட்டியதுபோல இருந்தது. துணி ஆட்டை நிறுத்தாது. மேய்க்கிற ஆளுக்குத்தான் அது.

அந்த ஐப்பசியில் மழை நன்றாக இருந்தது. மேற்கே ஆடுகள் குருத்தைக் கடித்துக்கொண்டிருக்க, கிழக்கே புல் எழும்பியது. பார்த்துக்கொண்டு சும்மா இருப்பதுதான் பெரிய கஷ்டம். என் ஆடுகள் ஓடை விளிம்பில் நின்று அந்தப் பக்கமே பார்க்கும். நான் குறுக்கே நிற்பேன். தை பிறந்து, கதிர் காய்ந்து, கையால் உருவினால் விதை உதிர்கிற பதம் வந்த பிறகு திறந்துவிட்டோம். பங்குனி வரைக்கும் ஆடுகளுக்கு அங்கே வாய்க்கு அகப்பட்டது. குட்டிகள் கொழுகொழுவென்று துள்ளின. எங்கள் வேதக்கோயிலில் ஊருக்கே சோறு போடுகிற அசனப் பண்டிகைக்கு நான் கொடுத்த கிடாயைப் பார்த்து, "தவிடு வச்சு வளத்தியா?" என்று கேட்டார்கள். அண்ணாச்சி வாயைத் திறந்து எதுவும் சொல்லவில்லை. ஆனால் அடுத்த வருடம் எந்தப் பக்கம் என்ற பேச்சு வந்தபோது, "கிழக்கயே இன்னொரு வருசம் விடுவோம். இன்னும் அங்கங்க சொட்டையாத்தான் கெடக்கு" என்றவர் அவர்தான். எங்களுக்கும் அதுவே சரியாகப் பட்டது.

அந்த அடுத்த வருடம் வானம் எங்களைக் கைவிட்டது. ஆடி, ஆவணி இரண்டும் காய்ந்து போயின. அண்ணாச்சி மந்தையைப் பத்திக்கொண்டு குளத்தூர்ப் பக்கம் போனார். போகிற வழியெல்லாம் சாலையோரச் சீமைக்கருவேலங்காயை உலுக்கிப் போட்டுத்தான் ஆட்டின் வயிற்றை நிரப்பினாராம். இங்கே புரட்டாசிக் கடைசியில் ஒரே ஒரு மழை பெய்தது. கிழக்கே லேசாகப் பச்சை தெரிந்தது. அதற்குப் பிறகு மேகமே இல்லை.

ஒரு நாள் மத்தியானம் என் வீட்டுக்காரருக்கு போன் வந்தது. பேசி முடித்ததும் சாப்பாட்டை அப்படியே மூடி வைத்துவிட்டு வண்டியை எடுத்துக்கொண்டு போனார். பொழுது இருட்டுகிற நேரத்தில் திரும்பி வந்தவர், வாசலில் நின்று கைகாலைக் கழுவிக்கொண்டே சொன்னார். குளத்தூருக்கு இந்தப் பக்கம் ஒரு புஞ்சையில், மழையில்லாமல் வாடிச் சவலையாக நின்ற சோளப்பயிருக்குள் அண்ணாச்சியின் மந்தை புகுந்துவிட்டது. வாடின இளஞ்சோளம் ஆட்டுக்கு விஷம். அவருக்கும் அது தெரியும். ஆனால் பசித்த ஆடு. அவர் ஓடி மறிப்பதற்குள் பாதி மந்தை உள்ளே போய்விட்டது. கொஞ்ச நேரத்துக்குள் ஒவ்வொன்றாக மூச்சு வாங்கி, நுரை தள்ளி, காலை உதைத்துக்கொண்டு விழுந்தனவாம். டாக்டர் வந்து ஊசி போட்டு முடிந்ததைக் காப்பாற்றினார். செத்தவற்றை அங்கேயே குழி தோண்டிப் புதைத்துவிட்டு, மிஞ்சியதை என் வீட்டுக்காரரும் இன்னொரு வண்டிக்காரரும் ஏற்றிக்கொண்டு வந்திருந்தார்கள்.

"முன்னால வந்து உக்காருங்கன்னேன், வரல" என்றார் என் வீட்டுக்காரர். "பின்னால ஆட்டோட ஆடா உக்காந்து வந்தாரு."

மறுநாள் காலையில் என் ஆடுகளைப் பத்திக்கொண்டு ஓடைக்குப் போனேன். கிழக்குப் பக்கம், துணி கட்டிய குச்சிகளைத் தாண்டி, வடக்கு மூலையில் அண்ணாச்சியின் ஆடுகள் நின்றன. தலையைக் குனிந்து அந்தச் சின்னக் குருத்தை அரக்கப்பரக்கக் கடித்துக்கொண்டிருந்தன. அவர் ஒரு மேட்டில் துண்டைத் தலையில் போட்டு உட்கார்ந்திருந்தார். எனக்குக் கோபம் உச்சந்தலைக்கு ஏறியது. அவருக்கு நேர்ந்ததெல்லாம் தெரிந்துதான் போனேன்; இருந்தாலும் அந்தக் குருத்தைப் பார்த்ததும் மற்றதெல்லாம் மறந்துவிட்டது.

"என்ன அண்ணாச்சி இது? நீங்களே சொல்லி விட்ட எடத்துல நீங்களே மேய்க்கலாமா?"

அவர் நிமிர்ந்து பார்த்தார். சவரம் செய்யாத முகம், சிவந்த கண். "மறிச்சேன் தங்கச்சி" என்றார். "மேக்குப் பக்கமாத்தான் பத்துனேன். அதுவ இந்தப் பக்கமாத் திரும்பிட்டு. மறிக்கக் கம்ப ஓங்குனேன். கை எழும்பல. நேத்துத்தான மறிக்க ஓடுனேன், மறிச்சு என்னத்தக் கண்டேன்?"

பக்கத்தில் ஒரு பெட்டை ஆடு முன்னங்காலை மடித்து முட்டி போட்டபடியே தின்றுகொண்டிருந்தது. எழுந்து நிற்கத் தெம்பில்லை. வயிற்றில் குட்டி இருப்பது தெரிந்தது. என் கோபம் எங்கே போனது என்றே தெரியவில்லை. தூக்குச்சட்டியில் இருந்த கஞ்சியை அவருக்கு ஊற்றிக் கொடுத்தேன். வேண்டாம் என்றவர், பிறகு ஒரே மூச்சில் குடித்தார்.

வாகை மரத்தடியில் அன்று பெரிய சண்டை. அக்காவுக்குத்தான் கோபம் ஆறவே இல்லை. "எங்க ஆடும் பட்டினிதான கெடக்கு? ஒருத்தருக்குத் தெறந்தா நாளைக்கு எல்லாரும் எறங்குவோம். பெறவு என்னத்துக்கு இந்தத் துணியும் தோரணமும்?"

அவள் கேட்டதும் நியாயம்தான். நான் சொன்னேன்: "சினை ஆடும், நிக்க முடியாத ஆடும் மட்டும் அந்த வடக்கு மூலைல நிக்கட்டும்க்கா. மத்ததுக்கு நாம எல்லாரும் ஆளுக்குக் கொஞ்சம் காஞ்ச தட்டை குடுப்போம். மழை வந்த மறுநா வெளியேத்திரணும்." அண்ணாச்சி தலையைக் குனிந்தபடி சரி என்றார். என் வீட்டுக்காரர் வண்டியில் ஊர் ஊராகப் போய் மக்காச்சோளத் தட்டை ஏற்றிவந்தார். கேட்டதும் கொடுத்தவர்கள் உண்டு. விலை சொன்னவர்களும் உண்டு. அக்கா ஒன்றும் தரமாட்டேன் என்றாள். பிறகு சாயங்காலம் தலையில் ஒரு கட்டு உளுந்தங்கொடியைச் சுமந்துவந்து மதினி வீட்டு வாசலில் போட்டுவிட்டுப் போய்விட்டாள்.

கார்த்திகையில் மழை வந்தது. வந்த வேகத்தில் ஓடையில் முழங்கால் தண்ணீர். சொன்னபடி அண்ணாச்சி ஆடுகளை வெளியே கொண்டுபோனார். சினை ஆடுகளில் பாதிக்கு மேல் பிழைத்துக் குட்டி போட்டிருந்தன. அந்தச் சந்தோஷம் கொஞ்ச நாள்தான். கிழக்கே மற்ற இடங்களில் எல்லாம் கொழுக்கட்டைப்புல் எழும்ப, வடக்கு மூலையில் வேறொரு பச்சை தெரிந்தது. கிட்டே போய்ப் பார்த்தேன். விதைத்து விட்டதுபோல நெருக்கமாக, விரல் நீளத்துக்கு, கருவேலங்கன்று. வழியெல்லாம் அந்த ஆடுகள் தின்ற காயின் விதை செரிக்காமல் புழுக்கையோடு விழுந்து, மழைக்கு முளைத்துவிட்டது. ஜேசிபி வைத்துப் பிடுங்கிய மரத்தை நாங்களே கூட்டிக்கொண்டு வந்து நட்டிருக்கிறோம்.

அக்கா இடுப்பில் கை வைத்து நின்று பார்த்தாள். "பாத்தியா? ஒன் எரக்கம் எப்படி மொளச்சு நிக்கின்னு."

எனக்கு அழுகை வந்துவிட்டது. அவள் முன்னால் அழக்கூடாது என்று ஆட்டைப் பத்துவதுபோலத் தள்ளிப் போய்விட்டேன். அந்தச் சினை ஆடுகளை விரட்டியிருக்க வேண்டுமா என்று எத்தனை தடவை கேட்டுப் பார்த்தாலும், விரட்டியிருக்க மாட்டேன் என்றுதான் மனசு சொன்னது. ஆனால் அந்த மூலை போய்விட்டதே என்ற வருத்தமும் போகவில்லை.

அடுத்த நாள் நான் போகும்போதே அண்ணாச்சி அங்கே இருந்தார். மழை தூறிக்கொண்டிருந்தது. தலையில் ஓர் உரச்சாக்கைக் கொங்காணியாக மடித்துப் போட்டுக்கொண்டு, குத்தவைத்து உட்கார்ந்து, ஒவ்வொரு கன்றாகப் பிடுங்கிக்கொண்டிருந்தார். யாரும் அவரிடம் சொல்லவில்லை. ஈரக் கரிசலில் கன்றை அடியில் பிடித்து மெல்ல இழுத்தால் வேர் முழுசாக வருகிறது. மண் காய்ந்தால் வராது, பாதியில் அறுந்துவிடும். அறுந்தது மறுபடி துளிர்க்கும். அதனால் மழை நிற்பதற்குள் முடிக்க வேண்டும். செருப்பைக் கழற்றிவிட்டு நானும் இறங்கினேன். கால் வைத்த இடமெல்லாம் சேறு அப்பிக்கொண்டு, ஒவ்வொரு காலும் ஒரு கல் கனம் கனத்தது. டாக்டர் குனியக்கூடாது என்று சொன்னது ஞாபகம் வந்தது. மணை ஒன்றைக் கொண்டுவந்து போட்டு உட்கார்ந்து, கூடியமட்டும் கழுத்தை வளைக்காமல் பிடுங்கினேன். கொஞ்ச நேரத்தில் மதினியும் வந்தாள்.

பிடுங்கிக்கொண்டே அண்ணாச்சி பேசினார். அந்தச் சோளப் புஞ்சையில் நடந்ததை அவர் வாயால் அன்றுதான் கேட்டேன். "முன்னால போற கிழட்டு ஆடு ஒண்ணு உண்டுல்லா தங்கச்சி, நெத்தில பொட்டு வச்சது. அது சோளத்தக் கடிக்கல. வெளிய வரப்புலயே நின்னுட்டு. உள்ள விழுந்து கெடக்கறதப் பாத்துக் கத்துச்சு பாருங்க... நான் எத்தனையோ ஆட்ட வித்துருக்கேன், அறுக்கக் குடுத்துருக்கேன். அந்தச் சத்தம் மட்டும் காதுலயே நிக்கி."

மதினி அவருக்குப் பின்னால் இருந்தாள். சேற்றுக் கையைச் சேலையில் துடைத்துக்கொண்டு, "வீட்ல ஒருநா கூட இதச் சொல்லலியே நீங்க" என்றாள்.

"சொல்லி?"

"சொன்னா நானும் சேந்து கேப்பேம்லா."

அவர் இன்னும் கீழே குனிந்துகொண்டார். முதுகு மட்டும் குலுங்கியது. நான் வேறு பக்கம் திரும்பி அடுத்த கன்றைத் தேடினேன்.

மத்தியானத்துக்கு மேல் அக்கா வந்தாள். வரும்போதே முணுமுணுத்துக்கொண்டுதான் வந்தாள். ஒருவர் ஆட்டுக்கு எல்லாரும் ஏன் களை எடுக்க வேண்டும், தனக்கு இடுப்பு வலி, ஞாயிற்றுக்கிழமை ஜெபத்துக்குப் போக வேண்டாமா என்று ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொண்டே எங்களைவிட வேகமாகப் பிடுங்கினாள். சாயங்காலம் அண்ணாச்சி டீ வாங்கிவந்தபோது, "சீனி பத்தல" என்றாள். ஆனால் குடித்தாள். மழை விட்டுவிட்டுப் பெய்த அந்த வாரம் முழுக்க, கைவேலை ஒழிந்தவர்கள் வந்து பிடுங்கினார்கள். பிடுங்கியதை ஓடைக்கரையில் குவித்துக் காயவைத்தோம்.

அந்த மூலையில் அந்த வருடம் புல் வரவில்லை. அடுத்த வருடமும் கொஞ்சம்தான் வந்தது. கருவேலங்கன்றும் மறுபடி அங்கங்கே தலைகாட்டியது, அதையும் பிடுங்கினோம். இந்த வருடம் அங்கே அருகம்புல் படர்ந்திருக்கிறது. மற்ற இடங்களோடு ஒப்பிட்டால் இன்னும் சொட்டைதான். மேற்குப் பக்கத்தையும் இப்போது முறை வைத்து அடைக்கிறோம். புதிதாக ஒரு கட்டுப்பாடும் சேர்ந்திருக்கிறது. கருவேலங்காய் தின்ற ஆட்டை நேராகப் புல்லில் இறக்கக்கூடாது. ஒரு வாரம் தட்டை போட்டு அடைத்து வைத்து, வயிறு காலியான பிறகுதான் ஓடைக்குப் பத்த வேண்டும். அதைச் சொன்னவர் அண்ணாச்சி. கண்காணிப்பவள் அக்கா. வெளியூர் போய்த் திரும்பிய ஆடு என்றால் பட்டிக்கே போய்ப் புழுக்கையைக் குச்சியால் நசுக்கிப் பார்த்துவிட்டுத்தான் விடுவாள்.

அண்ணாச்சி இப்போது மந்தையைப் பெருக்கவில்லை. செத்ததை ஈடு கட்டச் சந்தைக்குப் போகவில்லையா என்று ஒரு நாள் கேட்டேன். "நெலம் எவ்வளவு தாங்குமோ அவ்வளவு போதும் தங்கச்சி" என்றார். பிறகு கொஞ்சம் யோசித்து, "எனக்கும் ஓட முடியல" என்றும் சேர்த்துக்கொண்டார்.

போன வாரம் கிழக்கைத் திறந்தோம். எல்லாருடைய ஆடுகளும் முண்டியடித்து ஓடையைத் தாண்டின. அண்ணாச்சியின் ஆடுகள் கடைசியாக வந்தன. யாரும் அப்படிச் சொல்லவில்லை. சின்ன மந்தைகள் முதலில் வாய் வைக்கட்டும் என்று அவரே ஓடைக்கு அந்தப் பக்கம் கம்பைக் குறுக்கே பிடித்து நிறுத்தியிருந்தார். "விடுங்க அண்ணாச்சி, போதும்" என்று நான் கத்தினேன். அவர் கம்பை எடுத்ததும் அவை மேட்டில் ஏறி, புல்லுக்குள் இறங்கி, தலையைத் தாழ்த்தின. ஆடுகள் புல்லை முறிக்கிற சத்தம் மட்டும் நாலா பக்கமும் கேட்டுக்கொண்டிருந்தது.